அழகிப் பட்டம் வாங்கிய என் ஓரகத்தி

என் ஓரகத்திக்கு அழகிப் பட்டம் கிடைத்த அன்றைக்கு எனக்கும் ஒரு பரிசு கிடைத்தது. நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனின் பெண்சாதி. தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், லயம் என்கிற ஒரே வரிசை வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறோம். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அவள் வீட்டில் வெங்காயம் அரிந்தால் என் வீட்டில் கண் எரியும். அவள் சிரித்தால் என் வீட்டில் வயிறு எரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அவள் மாவனல்லைப் பக்கத்துப் பெண். அவிசாவளையில் ஒரு துணிக்கடையில் வேலை. காலையில் பவுடர் பூசி, கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். சிங்களம் அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். நானும் பேசுவேன், சந்தையில் என்னை ஒருத்தன் ஏமாற்ற முடியாது. ஆனால் அவள் எழுத்தும் வாசிப்பாள், எனக்குத் தமிழெழுத்தோடு சரி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். தலைமுடி இடுப்புக்குக் கீழே. உள்ளவள் அள்ளி முடிகிறாள் என்று சும்மாவா சொன்னார்கள்.

எனக்கு என்ன இருந்தது? என் மரங்கள் இருந்தன. நான் பால் வெட்டுகிறவள். ரப்பர் மரத்தின் பட்டையைக் கத்தியால் மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் அழுத்தினால் கத்தி உள்ளே கட்டையைத் தொட்டுவிடும். அதைக் காயம் என்போம். காயம் பட்ட இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். எனக்கென்று பிரித்துக் கொடுத்த மரங்கள்தான் என் துண்டு, அதில் காயமே இருக்காது. புதிதாகக் கத்தி பிடிக்க வருகிற பிள்ளைகளைக் கங்காணி என் மரங்களுக்குத்தான் கூட்டி வருவார். "இந்தா, தடவிப் பாரு. இதுதான் வெட்டு" என்பார். அவளுக்கு முடி என்றால் எனக்கு அது.

நாற்பதைத் தாண்டியதும் கண் என்னை ஏமாற்றத் தொடங்கியது. தூரத்தில் ஓடுகிற கீரி தெரியும். கையில் இருக்கிற கத்தியின் விளிம்பு தெரியாது. கிட்டே போகப் போக எல்லாம் கலங்கியது. விடியும் முன்பு, மரங்களுக்கு நடுவே இருட்டில், நான் பட்டையை விரலால் தடவித் தடவி வெட்டப் பழகினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. விரல் எத்தனை நாளைக்குக் கண்ணாக இருக்கும்? பங்குனியில் கங்காணி என் துண்டில் காயம் பார்த்துவிட்டார். "என்னம்மா, ஒங்க மரமா இது?" என்றார். அடுத்த காயம் பார்த்தால் துண்டை மாற்றிவிட்டுப் புல் வெட்ட அனுப்ப வேண்டி வரும் என்று தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்குப் போட்டி வந்தது. டவுன் கடைக்காரர்கள் சேர்ந்து சித்திரைப் புத்தாண்டுக்கு அவுருது விழா நடத்துவார்கள். குமரிப் பிள்ளைகளுக்கு ஒரு அழகிப் போட்டி, கல்யாணமானவர்களுக்கு ஒரு போட்டி. ஜெயித்தவள் அடுத்த சித்திரை வரைக்கும் கிரீடம் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் ஊருக்கு ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்து காட்ட வேண்டும். இவள் கடை முதலாளியம்மா இவள் பெயரைக் கொடுத்துவிட்டார்.

பிறகு சுவருக்கு மேலே ஒரே சிங்களம்தான். பின்னேரங்களில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுவாள். கொழுந்தன் கை தட்டுவார். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நல்லாத்தான் பேசுது புள்ள" என்பார். என்றைக்காவது நான் பேசியதைக் கேட்டு அந்த மனுசன் பிசைவதை நிறுத்தியிருக்கிறாரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட்டையும் சரிகைக் கரையையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கையில இந்தக் கரைய வச்சி தச்சித் தாங்களேன். டைலருக்கு நேரமே இல்லயாம். ஒங்க கைத் தையலுக்கு முன்னாடி அவரெல்லாம் என்னக்கா."

ஐஸ் வைக்கத் தெரிந்தவள். லயத்தில் கைத் தையலென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள், அது உண்மை. முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். வாங்கிக்கொண்டேன். ஊசியை எடுத்தேன். நூலை நாக்கில் நனைத்தேன், முறுக்கினேன், கண்ணை இடுக்கினேன். ஊசியின் காது இருந்த இடத்தில் இல்லை. வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்தேன். நூல் இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகிறது, உள்ளே மட்டும் போகவில்லை.

"மட்ட நூலு புள்ள. பிரிஞ்சி பிரிஞ்சி போகுது."

"குடுங்கக்கா."

என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, ஒரே தடவையில் கோத்து நீட்டினாள். என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மனதுக்குள் சிரிக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. ஊசி கோர்ப்பதில்கூடவா இவளிடம் தோற்க வேண்டும்? அவள் போன பிறகு, மரத்தைத் தடவுகிற மாதிரியே துணியையும் தடவித் தடவித் தைத்து முடித்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அன்று இரண்டு மணிநேரம் அவளைப் பிடித்திருந்தது.

விழாவுக்கு லயமே போனது. கயிறு இழுப்பு, தலையணைச் சண்டை, பனிஸ் தின்னும் போட்டி. ஒரு மூலையில் பலகையில் யானை வரைந்து வைத்திருந்தார்கள். கண்ணைக் கட்டிவிடுவார்கள், நடந்து போய் யானைக்குக் கண் வைக்க வேண்டும். வால் மேல் கண் வைத்தவர்கள் உண்டு, பலகைக்கு வெளியே காற்றில் வைத்தவர்களும் உண்டு. எனக்குக் கண்ணைக் கட்டினால் என்ன, கட்டாவிட்டால் என்ன? போய்ப் பலகையைத் தடவினேன். சுண்ணாம்புக் கோடு விரலில் தட்டியது. தும்பிக்கையைப் பிடித்து மேலே ஏறி, கண்ணை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். வாளியைக் கொடுத்தார்கள். திரும்பி என் ஆட்களைத் தேடினால் ஒருத்தரும் இல்லை. எல்லோரும் மேடைக்கு முன்னால் நின்றார்கள், அவள் மேலே நின்றாள்.

அடி ஆத்தி, அழகாகத்தான் இருந்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் நாக்கு அழுகும். சிங்களப் பெண்கள் நடுவே மரூன் சேலையும் மல்லிகைப்பூவுமாக இவள் ஒருத்தி. நடுவர் மேசையில் இருந்த ஒரு நோனா, கலியாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவராம், இவள் கையைப் பிடித்துத் தூக்கி ஜாக்கெட்டை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டார். நான் வெகு பின்னால் நின்றேன், காதில் விழவில்லை. என் கரைத் தையலைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

பிறகு மைக்கை வாங்கிப் பேசினாள். அது நன்றாகக் கேட்டது. பட்டம் கிடைத்தால் தோட்டத்துப் பெண்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கப்போகிறாளாம். இருட்டோடு மலையேறிப் பால் வெட்டுகிறவர்களுக்குக் கண் மங்கினால் வெளியே சொல்லப் பயமாம், தடவித் தடவித்தான் வெட்டுகிறார்களாம். கூட்டம் கை தட்டியது. என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பக்கம் கங்காணி நின்றார், அவரும் பார்த்தார்.

பாவி! நான் யாருக்கும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்ததை மைக்கில் ஊருக்கே சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டாள். என் கண் போனது அவளுக்குக் கிரீடமாகிவிட்டது. அவள் தலையில் அதை வைத்தபோது எல்லோரும் கத்தினார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை என்னவென்று சொல்வேன். முன்பள்ளி திறப்பு என்றால் அவள், மரம் நடுகை என்றால் அவள். கடை கடையாக ஏறி இறங்கினாள், கேகாலை வரைக்கும் போனாள். அவள் ஊர் முஸ்லிம் கடைக்காரர்களிடமும் கண்ணாடிக்கு உதவி கேட்டு வந்தாள். மார்புக்குக் குறுக்கே பட்டி, தலையில் கிரீடம், உடம்பில் அதே மரூன் சேலை, அதே ஜாக்கெட். ஒவ்வொரு படத்தையும் என் வீட்டுக்காரர் போனில் எனக்குக் காட்டுவார். "பாரு, பாரு" என்பார். கிட்டே வைத்துக் காட்டினால் எனக்கென்ன தெரியும்? சிவப்பாக ஏதோ தெரியும். குழாயடியில் அவளுக்கு வழிவிட்டார்கள். "ராணி வேலைக்கு நேரமாச்சி, விடுங்க" என்று ஒருத்தி சொல்ல, என் பரிசு வாளி வரிசையில் காத்திருந்தது.

நானும் விடவில்லை. "அந்த ஜாக்கெட்டுல கை வேல யாருதுன்னு நெனைக்கிறீங்க? என்னோடது" என்று குழாயடியில் வருகிறவள் போகிறவளிடமெல்லாம் சொன்னேன். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். பொறுக்கவில்லை இவளுகளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடி கொடுக்கிற நாள் ஒரு ஞாயிறு, கோயில் மண்டபத்தில் என்று சொன்னார்கள். நான் போவதாக இல்லை. அவள் கையால் வாங்கிப் போட்டுக்கொள்வதைவிடக் குருடியாக இருந்துவிடலாம். ஆனால் இத்தனை மாதம் கண்டும் காணாமல் விட்டிருந்த கங்காணி, சனிக்கிழமை என் துண்டுக்கு வந்தார். நான் அப்போதுதான் வெட்டிய மரத்தில் கையை வைத்தார். அங்கே பட்டிருந்த காயத்தை விரலால் எனக்குக் காட்டினார். எனக்குத் தெரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நாளைக்குக் கோயிலுக்குப் போங்கம்மா. போய்ப் போட்டுக்கிட்டு வாங்க. இல்லாட்டி திங்கக்கிழம நான் ஒங்களப் புல்லு வெட்டத்தான் போடணும். எனக்கும் மேல ஆள் இருக்கு."

போனேன். வேறு வழி? அவள் கிரீடத்தோடு வாசலில் நின்று, "வாங்கக்கா" என்றாள். நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு உள்ளே போனேன்.

டவுன் கண்ணாடிக் கடை ஐயா சுவரில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். பெரிய எழுத்து மேலே, சிறிய எழுத்து கீழே, எல்லாம் சிங்களம். ஒவ்வொருத்தியாக நிறுத்தி வாசிக்கச் சொன்னார். எங்கள் பெண்கள் எல்லோரும் சிங்களம் பேசுவார்கள், சண்டைகூடச் சிங்களத்தில் பிடிப்பார்கள். எழுத்து எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் டவுன் ஐயா முன்னால், கிரீடம் வைத்தவள் முன்னால், எழுத்துத் தெரியாது என்று எவள் வாயால் வரும்? முதல் பெண் "தெரியல" என்றாள். இரண்டாமவளும் "தெரியல" என்றாள். ஐயா இன்னும் தடித்த கண்ணாடியை மாட்டினார். அதற்கும் தெரியவில்லை. அக்கரை மலையில் நிற்பது யார் வீட்டு ஆடு என்று இங்கிருந்தே சொல்கிறவள், சோடாப்புட்டிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சுவரைத் தடவிக்கொண்டே போனாள். ஐயா, "ஐயோ, இந்தத் தோட்டத்தில் ஒருவருக்குமே பார்வை இல்லையே" என்று சிங்களத்தில் வருந்தினார்.

எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோசம். நாசமாகப் போகட்டும்! இத்தனை மாதப் பெருமையும் அவள் கண் முன்னாலேயே கோணிக்கொண்டு போகிறது. அவள் வரிசையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், சட்டென்று விளங்கிக்கொண்டாள். ஒருத்தியையும் எதுவும் கேட்கவில்லை. ஐயாவிடம் போய், தூரத்தில் இருப்பதை வாசிப்பதா இவர்கள் வேலை, கிட்டே இருக்கிற பட்டையைத்தானே பார்க்க வேண்டும், அதற்கு இந்த அட்டை சரிவராது என்றாள். அட்டையைக் கழற்றிச் சுருட்டி வைத்தாள். கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள்.

"எல்லாரும் இதக் கோத்துக் காட்டுங்க. கோத்தவங்களுக்குக் கண்ணாடி வேணாம், வீட்டுக்குப் போங்க."

மண்டபமே சிரித்தது. சோடாப்புட்டிகள் எல்லாம் கழன்றன. பாதிப் பேர் கோத்துவிட்டுப் போனார்கள். என் முறை வந்தது.

மறுபடியும் அதே ஊசி, அதே அவள். இந்த முறை பார்க்க ஊரே இருந்தது. நனைத்தேன், முறுக்கினேன். பிடுங்கிக் கோத்துவிடுவாள், எல்லோரும் பார்ப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் தொடவில்லை. பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து என் மூக்கில் வைத்தாள். தலையாட்டினேன், இல்லை. வேறொன்று. இல்லை. மூன்றாவதை வைத்ததும் ஊசியின் காது வாசற்கதவு மாதிரித் திறந்தது. நூல் உள்ளே போனது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்தேன். குனிந்த இடத்தில் அவள் கை இருந்தது, கண்ணாடியைப் பிடித்தபடி. அதில் அந்த ஜாக்கெட்டின் கை. ஜாக்கெட்டில் என் தையல்.

கடவுளே! அது தையலா? ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஓர் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக நாலு, பக்கத்தில் கரை வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது. சரிகை ஏறி இறங்கிக் கோணிக்கொண்டு போகிறது. குழாயடிப் பெண்கள் ஏன் சிரித்தார்கள் என்று அந்த நிமிசத்தில் விளங்கியது. இதைப் போட்டுக்கொண்டா மேடையேறினாள்? இதைப் போட்டுக்கொண்டா கேகாலை வரைக்கும் போனாள், இத்தனை படமும் எடுத்தாள்?

"என்ன புள்ள இது? இதப் பிரிச்சி டைலர்ட்ட குடுத்திருக்கலாமே!"

"குடுக்கத்தாங்க்கா நெனச்சேன்" என்றாள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "மனசு வரல. மேடையில அந்த நோனா கையப் புடிச்சித் தூக்கி, யாரும்மா இத தச்சது, கண்ணு தெரியாதவளான்னு கேட்டாங்க. மேசையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்குக் கோவம் வந்திருச்சி. நான் மனப்பாடம் பண்ணிட்டுப் போனது மரம் நடுறதப் பத்தி. அத விட்டுட்டு இதச் சொல்லிட்டேன்."

பிளந்துகிடந்த கரையை விரலால் சேர்த்துப் பிடித்தேன்.

"ஒங்க பேர நான் சொல்லலக்கா" என்றாள்.

சொல்லவில்லைதான். இத்தனை மாதமாக அவள்மேல் எரிந்தேனே, ஒருநாள்கூட இவள் முகம் மாறவில்லை. அழகாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். இதை எப்படிப் பொறுப்பது?

திங்கட்கிழமை கண்ணாடியின் இரண்டு காலிலும் நூல் கட்டி, தலைக்குப் பின்னால் முடிந்துகொண்டு மலையேறினேன். பட்டை தெரிந்தது, அதன் நரம்பு தெரிந்தது, கத்தி போகிற வழி தெரிந்தது. நான் போட்டிருந்த காயங்களும் தெரிந்தன, நினைத்ததைவிட அதிகம். அடுத்த வாரம் கங்காணி வந்து தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டே போனார். அதற்கடுத்த வாரம் புதுப் பிள்ளை ஒருத்தியைக் கூட்டி வந்தார். என் துண்டு என்னோடுதான் இருக்கிறது.

அந்த ஜாக்கெட்டை, "குடு, பிரிச்சித் தச்சித் தாரேன்" என்று கேட்டேன். தரவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், கொடியில் காய்ந்தபோது எடுக்கவும் போனேன். ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். அடுத்த சித்திரையில் கிரீடத்தைப் புதிதாக ஜெயித்தவளுக்கு வைக்கப் போனபோதும் அதையேதான் போட்டுக்கொண்டு போனாள். இந்த முறை நான் முன்வரிசையில் கண்ணாடியோடு இருந்தேன். அந்தக் கோணல் கையை மேடையில் தூக்கி எல்லோருக்கும் டாட்டா காட்டினாள். எனக்கு மானம் போனது.

கிரீடம் போய்விட்டது. அதன்மேல் எனக்கிருந்த பொறாமையும் அதோடு போய்த் தொலைந்தது. கோணல் தையலோடு ஊரெல்லாம் நடந்து என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாளே, அதன்மேல் வந்த பொறாமைதான் போகமாட்டேன் என்கிறது. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே பிரித்து எறிந்திருப்பேன். இருவருக்குமே அது தெரியும்.

நேற்றுப் பின்னேரம் நடுச்சுவருக்கு மேலே அவள் குரல் வந்தது.

"அக்கா, ஊசி கோக்க முடியல. வந்து கோத்துத் தாங்களேன்."

அவளுக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். "இந்தா வாரேன், ஒனக்கு இதே வேல" என்று திட்டிக்கொண்டே எழுந்து போய், ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தேன்.